எந்த இருமலுக்குக் கேட்கிறீர்கள்?

மருந்துக்கடையில் நிற்க ஆரம்பித்துப் பதினான்கு வருஷம் ஆகிறது. மழைக்காலம் வந்துவிட்டால் சாயங்காலம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "இருமலுக்கு ஒரு டானிக் குடுங்க." யாருக்கு, என்ன வயசு, வறட்டு இருமலா சளி இருமலா, எத்தனை நாளாக, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நான் கேட்க ஆரம்பித்தால் முகம் சுருங்கிவிடுகிறது. "போன தடவை குடுத்தீங்களே, அந்தச் சிவப்பு டானிக், அதையே குடுங்க." வண்டியை அணைக்காமலே நின்று கேட்கிறவர்களும் உண்டு. ஏன் இத்தனை கேள்வி என்று கடையில் வைத்து விளக்க நேரம் கிடைப்பதில்லை, இங்கே எழுதிவிடுகிறேன்.

இருமல் என்பது உடம்பு தன் மூச்சுக்குழாயைத் தானே பெருக்கித் தள்ளுகிற வேலை. நெஞ்சில் சளி கட்டியிருந்தால் இருமியே ஆகவேண்டும், அப்போதுதான் அது வெளியே வரும். அந்த நேரத்தில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த சிரப்பைக் குடித்தால்? அது மூளையில் இருமலைக் கிளப்புகிற இடத்தையே அடக்குகிற மருந்து. சத்தம் குறையும், சளி உள்ளேயே தங்கும். சளியே இல்லாமல் தொண்டை கரகரத்து, ராத்திரி தூங்கவிடாமல் படுத்துகிற வறட்டு இருமலுக்குத்தான் அது. கோடீன் கலந்ததும் இதே வேலையைச் செய்வதுதான், ஆனால் பழக்கமாகிவிடும், டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள், குழந்தைகள் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சளி இருமலுக்கு ப்ரோம்ஹெக்சின், அம்ப்ராக்சால், குவாய்ஃபெனசின் என்று வேறு கூட்டம். கெட்டிச் சளியை இளக்கி மேலே வரவைப்பதற்காகக் கொடுப்பவை. இதில் ப்ரோம்ஹெக்சின் பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் ஊர் வேலியோரத்தில் நிற்கிற ஆடாதொடை இலையில் வாசிசின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அதை வைத்து உருவாக்கியதுதான் ப்ரோம்ஹெக்சின். அது உடம்புக்குள் போய் மாறுகிற வடிவம்தான் அம்ப்ராக்சால். பாட்டி கஷாயம் வைத்த இலையின் வாரிசுதான் என் அலமாரியில் பாட்டிலில் உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது, வீசிங்கோடு வருகிற இருமல். அதற்குத்தான் சால்பூட்டமால், டெர்பூட்டலின், இவை சுருங்கிய குழாயை விரிப்பவை. வீசிங் இல்லாதவர் குடித்தால் கை நடுக்கமும் படபடப்பும்தான் மிச்சம். ஆஸ்துமா என்று டாக்டர் சொல்லிவிட்டால் தயவுசெய்து இன்ஹேலருக்குப் பயப்படாதீர்கள், சிரப்பைவிட ரொம்பக் குறைந்த அளவு மருந்து நேராக நுரையீரலுக்கே போகிறது.

என் பெரிய ஆதங்கம் கலவை சிரப்புகள் மேல். ஒரே பாட்டிலில் இருமலை அடக்குகிற மருந்தும் இருக்கும், சளியைக் கிளப்புகிற மருந்தும் இருக்கும், ஒரு மாட்டை முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் பூட்டின வண்டி மாதிரி. கூடவே தூக்கம் வரவைக்கிற குளோர்ஃபெனிரமின். அதைக் குடித்துவிட்டு ராத்திரி லாரி ஓட்டப் போகிற அண்ணன்களை நினைத்தால் பதறுகிறது.

சரி, மருந்தே தேவைப்படாத இருமலும் இருக்கிறது. எங்கள் அப்பா மூன்று மாதம் இருமினார். வறட்டு இருமல், காய்ச்சல் இல்லை. கடையிலேயே நிற்கிற நான் ஒன்று மாற்றி ஒன்றாக நான்கு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசியில் டாக்டர் அவருடைய பிபி மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். எனாலப்ரில். எனாலப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு இப்படி விடாத வறட்டு இருமலைத் தரும். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், மூன்று வாரத்தில் இருமல் நின்றுவிட்டது. நான்கு பாட்டிலுக்கும் அதில் எந்தப் பங்கும் இல்லை. (நீங்களாக பிபி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.) அன்றிலிருந்துதான் "வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்ற கேள்வியை யாரிடமும் விடுவதில்லை.

இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் டானிக்கை வைத்துவிட்டு அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காசு கிடையாது. காசநோயாக இருந்தால் ஆறு மாதச் சிகிச்சையும் இலவசம். டானிக்கிலேயே இரண்டு மாதம் ஓட்டினால் வீட்டில் இருப்பவர்களுக்கும் பரவியிருக்கும்.

அப்புறம் குழந்தைகள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கோல்ட்ரிஃப் என்ற சிரப், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கவே கூடாத டை எத்திலீன் கிளைக்கால் அதில் 48.6 சதவீதம் இருந்தது. பிரேக் ஆயில் மாதிரியான தொழிற்சாலைச் சரக்குகளில் சேர்க்கிற பொருள், தித்திப்பாக இருக்கும், சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துவிடும். இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் போய்விட்டார்கள். 1937இல் அமெரிக்காவில் இதே விஷம் நூறு பேருக்கு மேல் கொன்றது, 2022இல் காம்பியாவில் சுமார் எழுபது குழந்தைகள். அந்த வாரம் கடையில் ஒவ்வொரு பாட்டிலையும் எடுத்து பேட்ச் நம்பர் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

விஷம் கலக்காத நல்ல சிரப்பாகவே இருந்தாலும் இரண்டு வயசுக்குக் கீழே இருமல், சளி சிரப் வேண்டாம் என்றுதான் மத்திய சுகாதாரத் துறை சொல்லியிருக்கிறது, ஐந்து வயசு வரைக்கும் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கிறது. சாதாரணச் சளி இருமல் தானாகவே சரியாகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், தாய்ப்பால், ஒரு வயசு தாண்டியிருந்தால் கொஞ்சம் தேன் போதும். ஒரு வயசுக்குள் தேனும் கூடாது.

கைக்குழந்தைக்கு டானிக் கேட்டு வந்தால் நான் தருவதில்லை. சிலர் திட்டிவிட்டு அடுத்த கடைக்குக் கிளம்புகிறார்கள். போகிறவர்களிடம் குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறேன். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எந்தக் கடையிலும் நிற்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.