முன் பிரேக் பிடிக்கக் கிரவுண்டுதான் வேணும்

டூவீலர் பாதுகாப்புப் பயிற்சியை ஆன்லைனில் நடத்தினாலே போதும், வகுப்பறையெல்லாம் வீண் செலவு என்கிறார்கள். பாதி சரி. சாலைக் குறியீடு, சிக்னல், யாருக்கு யார் வழி விட வேண்டும் என்பதையெல்லாம் மொபைலில் படிக்கலாம். புரியாத இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மணி நேரம் ஸ்லைடு ஓட்டிக் கடைசி பெஞ்சைத் தூங்கவைக்கும் வகுப்புக்கு அது எவ்வளவோ மேல்.

ஆனால் திடீரென்று குறுக்கே ஆள் வந்தால் வேலை செய்யவேண்டியது முன் பிரேக் லீவரைப் பிடிக்கிற வலது கை. அந்தக் கைக்கு வீடியோ எதையும் பழக்காது.

நம் ஊரில் வண்டி கற்றுத்தரும்போதே சொல்லிவிடுகிறோம்: "முன் பிரேக்கைத் தொடாதே, கவுத்துரும்." ஆனால் பிரேக் பிடித்ததும் எடை முன்பக்கம் போகிறது. முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கும், பின் டயர் லேசாகும். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். சுதாரிக்கவே ஒரு நொடி, அதில் 11 மீட்டர் போய்விடும். காய்ந்த ரோட்டில் இரண்டு பிரேக்கும் ஒழுங்காகப் பிடித்தால் இன்னும் சுமார் 10 மீட்டர். பின் பிரேக் மட்டும் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கவுக்கிறது என்பது பொய்யில்லை. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, மணலில், வெடுக்கென்று பிடித்தால் கவுக்கும்.

கிரவுண்டில் கோன் வைத்து, 30 கி.மீ. வேகத்தில் வந்து நிறுத்தச் சொல்லுங்கள். முதல் தடவை நான்கு விரலும் லீவரைப் பறிக்கும். கண் முன் சக்கரத்தில் இருக்கும். வலது கால் ஓங்கி மிதிக்க, பின் டயர் தரையில் கறுப்புக் கோடு இழுக்கும். பக்கத்தில் நிற்பவர் அந்தக் கோட்டைக் காட்டித்தான் திருத்த முடியும். ஆக்சிலேட்டரை மூடு, ஹேண்டில் நேராக இருக்கட்டும், பார்வை தூரத்தில். லீவரை முதலில் லேசாக இழு. முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் குழாய்கள்) அமுங்கியது தெரிந்த பிறகு எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி அழுத்து. பின் பிரேக் அளவாக. கிளட்ச் கடைசியில், முதலிலேயே பிடித்தால் என்ஜின் இழுவை போய்விடும். நாலைந்து தடவையில் இது வராது. பதினைந்து, இருபது தடவை வேண்டும்.

ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் லாக் ஆவதைத் தடுக்கும் அமைப்பு, இருக்கிறதே என்பவர்களுக்கு: 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம்தான். ஆனால் பல பைக்குகளில் முன் சக்கரத்துக்கு மட்டுமே இருக்கிறது. பின் சக்கரம் லாக் ஆகும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவர் அதிரும். அந்த அதிர்வை ஒருமுறையாவது கையில் உணராதவர், பயந்து லீவரை விட்டுவிடுவார்.

ஹெல்மெட்டும் அப்படித்தான். ஐஎஸ்ஐ முத்திரையைத் திரையில் காட்டலாம். வார் பூட்டியபின் பின்னாலிருந்து ஒருவர் தூக்கி முன்பக்கம் தள்ளிப் பார்த்தால்தான் கழன்று வருமா என்று தெரியும்.

அவசரத்தில் வண்டியை நிறுத்தத் தெரியவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 15 சொல்கிறது. நடப்பில் எட்டு போட்டால் லைசென்ஸ். எட்டு நல்ல பயிற்சிதான், ஹாஃப் கிளட்சும் பேலன்ஸும் வரும். ஆனால் அது நடை வேகத்தில் போடுவது, அவசர பிரேக்குக்கு அதில் வேலையே இல்லை.

எல்.எல்.ஆருக்கும் டெஸ்ட்டுக்கும் நடுவில் குறைந்தது 30 நாள் இருக்கிறது. ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர்களே, பாடத்தை ஆன்லைனில் கொடுத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். 80 மீட்டர் காலி இடம், ஐந்து கோன், நின்ற இடத்தைக் குறிக்க ஒரு சாக்பீஸ்.