உப்பளத்தில் நான் பெய்வித்த மழை

நாலு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடி உப்பளத்தில் கூலிக்குப் போகும் ஒருத்தியைப் பற்றிச் சிறுகதை எழுதினேன். எழுதியது வேளச்சேரியில், மூன்றாவது மாடியில், மின்விசிறிக்குக் கீழே. கடைசிப் பத்தியில் கோடை மழை கொட்டும். அவள் கைகளை விரித்துச் சிரித்தபடி நனைவாள். எனக்கே கண் கலங்கியது.

அந்த ஊர்த் தோழி படித்துவிட்டு ஒரே வரி அனுப்பினாள்: "பாத்தில கெடந்த உப்பெல்லாம் கரைஞ்சு போச்சே, அவ எதுக்குச் சிரிக்கா?"

'இதுக்குத்தான் தெரிந்ததை மட்டும் எழுதணும்' என்றார்கள் சிலர். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும். எனக்குத் தெரிந்தது பறக்கும் ரயிலும் அலுவலகமும்தான். எத்தனை கதைக்குத் தாங்கும்? (யார் யாரை எழுதலாம் என்ற சண்டை வேறு. அது இன்னொரு நாள்.)

முசிறியில் பிறந்த எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் உப்பு வாரிப் பிழைத்தவர் இல்லை. தூத்துக்குடிக்கே போய், அளத்து மக்களைப் பார்த்து, கேட்டு, 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். நீலகிரியில் வாழும் படகர் இன மக்களைப் பற்றிக் 'குறிஞ்சித்தேன்' எழுதியவரும் அவரே. நான் பஸ் டிக்கெட்கூட எடுக்கவில்லை.

போகாமலே எழுதி ஜெயித்தவரும் உண்டு. பிராகில் பிறந்த, ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா அமெரிக்காவில் கால் வைத்ததில்லை. அவருடைய 'அமெரிக்கா' நாவல் தொடங்கும்போதே சுதந்திர தேவி சிலையின் கையில் தீப்பந்தத்துக்குப் பதிலாக வாள் இருக்கும். நியூயார்க்கையும் பாஸ்டனையும் இணைக்க ஒரு பாலம் வேறு! ஆனால் பெற்றவர்களே கப்பலேற்றித் துரத்திவிட்ட பையன் பார்க்கிற சிலை அது. அவன் கண்ணுக்கு வாளாகத்தான் தெரியும். என் மழைக்கு அப்படியொரு சமாதானம் சொல்ல முடியாது. அதை நான் சினிமாவில் பார்த்து அவள் தலையில் கொட்டினேன்.

அப்புறம் தோழிக்குப் போன் போட்டேன். ஒரு மணி நேரம் அவள் சித்தியைப் பற்றியே பேசினாள். மழைத் தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி உப்புத்தண்ணீர் பாய்ச்சி, உப்பு விளைய எத்தனையோ நாளாகுமாம். அதுவரை வாருவதற்கு எதுவும் இருக்காது. சாயங்காலமானால் சித்தி காலில் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே வானத்தைப் பார்ப்பாராம்.

கதையைத் திருத்தி எழுதியிருக்கிறேன். இப்போதும் கடைசியில் மழை பெய்கிறது. அவள் வாசலில் உட்கார்ந்து, பலசரக்குக் கடையில் இன்னும் எத்தனை நாளைக்குக் கடன் சொல்லலாம் என்று கணக்குப் போடுகிறாள்.

தோழிக்கு இன்னும் அனுப்பவில்லை. பயமாக இருக்கிறது.