அந்தம்மா ஆடினால் உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். யாரோ ஒருவர் வீட்டுத் துக்கம், நாம் எதற்கு உள்ளே போக வேண்டும் என்று. நேற்று ராத்திரி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் அந்த வீடியோவைப் போட்டு, கீழே "காலம் கெட்டுப்போச்சு" என்று எழுதி, பக்கத்தில் இரண்டு சிரிப்புப் பொம்மையும் வைத்திருந்தார். காலம் கெட்டதற்கு எதற்குச் சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. சரி, எழுதியே விடுகிறேன்.

எந்த வீடியோ என்று சொல்லத் தேவையில்லை. எல்லோரும் பார்த்தாகிவிட்டது. நிறுத்தி நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தவர்களும் இருக்கிறீர்கள். நகைச்சுவை நடிகர் ரோபோ சங்கரின் கடைசி ஊர்வலத்தில் அவர் மனைவி ஆடினார். நடந்தது அவ்வளவுதான்.

ஆடினார். அதனால் என்ன?

அவர் யார் என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். அவரும் மேடையில் ஆடிய கலைஞர். ஆட்டம்தான் அந்த வீட்டின் தொழில், சோறு, பாஷை எல்லாம். 'ரோபோ' என்ற பெயரே எங்கிருந்து வந்தது? உடம்பெல்லாம் வெள்ளிப் பெயின்ட் பூசிக்கொண்டு ஊர்த் திருவிழா மேடைகளில் இயந்திர மனிதன் மாதிரி ஆடியதால் வந்தது. மதுரைப் பக்கம் அந்த ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கலில் நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அது ரோபோ சங்கர் என்று அளக்க மாட்டேன், அந்தக் காலத்தில் செட்டுக்கு ஒரு வெள்ளி மனிதர் இருந்தார். ஆட்டம் முடிந்து நள்ளிரவுக்கு மேல் மேடைக்குப் பின்னால் அந்த அண்ணன் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் சிவந்து கிடந்தது. "எரியலையாண்ணே?" என்று கேட்டேன். "எரியும்டா, அதுக்கென்ன" என்றார். முன்னால் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்படி எரிந்த உடம்பைத்தான் நாம் இருபது வருடமாக வேடிக்கை பார்த்திருக்கிறோம். டிவியில் 'கலக்கப்போவது யாரு'வில் பார்த்தோம். 'அது இது எது'வில், எதிரே உட்கார்ந்திருப்பவர் சிரித்தால் தோற்றுப்போவார் என்ற அந்தச் சுற்றில், அந்த மனிதர் செய்த சேட்டைகளைச் சோறு தொண்டையில் சிக்கப் பார்த்தோம். அப்புறம் சினிமா. 2014ல் 'வாயை மூடி பேசவும்', 2015ல் 'மாரி', அடுத்த வருடம் 'வேலைன்னு வந்துட்டா வெள்ளைக்காரன்'. 'மாரி'யில் தனுஷ் பக்கத்தில் நின்ற சனிக்கிழமையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்த 'வெள்ளைக்காரன்' காட்சியை எத்தனை பேர் மனப்பாடமாகச் சொல்வீர்கள்! அதை வைத்து எத்தனை மீம்! ஒரு பைசா செலவில்லாமல் பத்து வருடம் சிரித்திருக்கிறோம்.

2023ல் மஞ்சள் காமாலை வந்து அந்த உடம்பு பாதியாக இளைத்தபோதும் விட்டோமா? பழைய போட்டோ, புதுப் போட்டோ, நடுவில் ஒரு சிவப்பு அம்பு. "ஆளே அடையாளம் தெரியல" என்று தலைப்பு. மகள் 'பிகில்' படத்தில் பாண்டியம்மாவாக நடித்தால் அந்தப் பெண்ணின் உடம்பும் நம் பஞ்சாயத்துக்கு வந்தது. அப்பா இளைத்தால் கேலி, மகள் குண்டாக இருந்தால் கேலி. இப்போது அம்மா ஆடினால் கேலி. அந்த வீட்டில் யார் உடம்பு எப்படி இருந்தால் உங்களுக்குச் சம்மதம் என்று ஒரு பட்டியல் கொடுத்துவிடுங்கள், ஒட்டிவைத்துக்கொள்ளட்டும்.

"சாவு வீட்டில் ஆடுவது நம் பண்பாடா?" என்று கேட்கிறார்கள். இதைக் கேட்பவர்கள் தமிழ்நாட்டில் ஒரு சாவுக்குக்கூடப் போனதில்லையா? தப்பு அடித்து, விசில் அடித்து, வேட்டியை மடித்துக் கட்டி, பாடைக்கு முன்னால் மண் பறக்க ஆடுகிற ஊர் இது. சென்னையில் மரண கானா என்று தனியாக ஒரு பாட்டு வகையே இருக்கிறது. எங்கள் அப்பத்தாக்கள் வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து, ஒரே தாளத்தில் மாரடித்துப் பாடுவார்களே, அதற்கு என்ன பெயர்? உடற்பயிற்சியா? ஆம்பளை குடித்துவிட்டு ஆடினால் "மனுசன் துக்கத்துல ஆடுறான்யா" என்கிறீர்கள். பொம்பளை தெளிந்த புத்தியோடு ஆடினால் பண்பாடு ஞாபகம் வந்துவிடுகிறது. அதுவும் புருஷனை இழந்தவள் ஆடினால் பண்பாட்டுக்கு மூச்சே நின்றுவிடுகிறது.

"அது கல்யாணச் சாவுக்குத்தான் தம்பி, 46 வயதுச் சாவுக்கு யார் ஆடுவார்கள்?" என்று ஒருவர் வந்தார். நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். 46 ஒரு வயதே இல்லை. ஆனால் ஐயா, வயது குறைந்ததற்குத் துக்கப்பட வேண்டியவர் அந்தம்மாதானே? அவருக்குத் தெரியாத கணக்கா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?

"கேமராவுக்காக ஆடினார்" என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கேமராவை அவரா கூட்டி வந்தார்? வளசரவாக்கத்தில் அந்தத் தெருவில் மைக்கை நீட்டிக்கொண்டு நின்ற யூடியூப் சேனல்களை யார் அழைத்தார்கள்? நீங்கள் பார்ப்பீர்கள் என்று தெரிந்துதானே வந்தார்கள். பார்த்தீர்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "உடம்பைக் கெடுத்துக்கிட்டுப் போனவனுக்கு எதுக்குய்யா இவ்வளவு?" அதே ஆட்கள்தான் 'வாயை மூடி பேசவும்' படத்தில் குடிகாரர் சங்கத் தலைவராக வந்த மட்டை ரவிக்குக் கைதட்டியவர்கள். கெட்ட பழக்கத்தால் பட்டதை அவரே பின்னாளில் மேடையேறிச் சொன்னார், அடுத்தவன் பாடம் படிக்கட்டும் என்று. அந்தத் தைரியம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? இதற்கு மேல் அவர்களுக்கு நேரம் கிடையாது.

2020 செப்டம்பரில் டிவி காமெடியன் வடிவேல் பாலாஜி போனபோதும் இப்படித்தான். அவரும் மதுரைக்காரர், அதே மேடையில் இருந்து வந்தவர். அவருக்கும் வயது ஐம்பதைத் தொடவில்லை. இரண்டு நாள் எல்லோரும் "சிரிக்க வைத்தவர் அழ வைத்துவிட்டார்" என்று எழுதினோம். அந்த வாக்கியத்தை இனி யாராவது எழுதினால் நட்புப் பட்டியலில் இருந்து தூக்கிவிடுவேன் என்று அப்போதே சொன்னேன். இந்த வாரம் என் பட்டியல் நிறையவே குறைந்திருக்கிறது.

சரி, இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா லைட் மியூசிக் செட்டில் தும்பா என்கிற தாள வாத்தியம் வாசித்தவர். மதுரை, தேனி, ராம்நாடு என்று மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு கோயில் திடலில் இருப்பார். 2011ல், இதே போலத்தான், திடீரென்று போய்விட்டார். அம்மா காலையில் இருந்து அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மதியம் செட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒரு அண்ணன் அப்பாவின் தும்பாவையே எடுத்து வைத்து, அப்பா வழக்கமாக ஆரம்பிக்கிற நடையை வாசித்தார். அவருக்குக் கை நடுங்கியது, வேகம் கூடிக்கொண்டே போனது. அம்மா திடீரென்று தரையில் தட்ட ஆரம்பித்தார். "ஓடாதடா, நிதானமா வாசி. ஓடுனா அவருக்குப் பிடிக்காது" என்றார். அந்த அண்ணன் அழுதுகொண்டே வேகத்தைக் குறைத்தார். அம்மா கடைசி வரை தாளம் போட்டார். அப்புறம்தான் அழுதார். அன்றைக்கு ஆரம்பித்த அழுகை எவ்வளவு நாள் ஓடியது என்று எனக்குத்தான் தெரியும்.

எங்கள் சொந்தத்தில் அவருக்கு அன்றிலிருந்து ஒரு பட்டப்பெயர். "புருஷன் பொணத்துக்குத் தாளம் போட்டவ." பதினான்கு வருடம் ஆகிறது. காதுகுத்து, கல்யாணம், எங்கே போனாலும் யாராவது ஒருவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இன்னொருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். போகப் போக அம்மா விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். "முழங்கால் வலி" என்பார். வலி முழங்காலில் இல்லை. அந்தப் பெயரை முதலில் சொன்னவர் யார் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு சிரிப்புப் பொம்மை போட்டாரே, அவரேதான்.

பெரியப்பா, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். லைக் போட்டுவிடாதீர்கள், விரல் வலிக்கும்.

அவரை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கும் யோக்கியதை இல்லை. அன்றைக்கு அம்மா தட்டிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து அவர் கையைப் பிடித்து, "அம்மா, ஊர் பாக்குது" என்றேன். அவர் என் கையை உதறிவிட்டுத் தட்டினார். இந்த மூன்று நாளாக நீங்கள் அந்தம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிற அதே வார்த்தைதான். படித்தவன், புத்தகம் வாசிக்கிறவன், முகநூலில் பெண்ணுரிமை பேசுகிறவன் சொன்ன வார்த்தை.

இன்று காலை அம்மாவுக்குப் போன் செய்தேன். எதற்காகக் கூப்பிட்டேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்திருக்கலாம். கேட்கவில்லை. அவரும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார், பக்கத்து வீட்டுப் பிள்ளை காட்டியதாம். "அந்தப் புள்ள ஆடுனது தப்புன்னு எல்லாரும் சொல்றாங்களாமே?" என்றார். ஆமாம் என்றேன்.

"சத்தத்தைக் குறைச்சு வச்சுக் காமிச்சான்டா, ஒண்ணும் கேக்கல. என்ன பாட்டுக்கு ஆடுச்சு?"

தெரியலம்மா என்றேன்.

"பாட்டு என்னன்னே தெரியாம, அது தப்பா ஆடுச்சா சரியா ஆடுச்சான்னு எப்படிடா சொல்றீங்க?"