உண்மை விளக்கம்: ஜோகிந்தரிடம் பந்து போனது வேறு ஆள் இல்லாததாலா?

"2007 டி20 உலகக் கோப்பை இறுதியில் மற்ற எல்லாருடைய ஓவரும் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல்தான் தோனி கடைசி ஓவருக்கு ஜோகிந்தர் சர்மாவிடம் பந்தைக் கொடுத்தார். வெற்றி வெறும் அதிர்ஷ்டம்." மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவலைச் சிம்மக்கல் டீக்கடையில் ஒரு நண்பர் பெருமையாகக் காட்டினார்.

தவறு. ஹர்பஜன் சிங் அன்று வீசியது 3 ஓவர். ஒருவர் 4 ஓவர் வரை வீசலாம் என்பதால் ஒன்று மீதம் இருந்தது. யூசுப் பதான் ஒன்றுதான் வீசியிருந்தார். ஆள் இருந்தது. ஆனால் ஹர்பஜனின் ஒரே ஓவரில் பாகிஸ்தானின் மிஸ்பா உல் ஹக் மூன்று சிக்சர் விளாசியிருந்தார். ஜோகிந்தரோ இரண்டு நாள் முன்பு, ஆஸ்திரேலியாவுடனான அரையிறுதியிலும் கடைசி ஓவரைத் தாங்கியவர். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவா இது?

அதிர்ஷ்டமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்குத் தேவை 13 ரன். முதல் பந்தே வைடு. பிறகு ஒரு சிக்சர். 4 பந்தில் 6 ரன் என்ற நிலையில் மிஸ்பா பின்பக்கம் தூக்கிவிட்ட பந்து ஸ்ரீசாந்த் கைக்குப் போனது. இந்தியா 5 ரன்னில் வென்றது.

ஸ்கோர்கார்டில் ஹர்பஜன் பெயருக்கு நேரே இருந்த 3-ஐ நண்பர் இரண்டு முறை பார்த்தார். டீக்கு அவரே காசு கொடுத்தார்.