பத்து மணிக்கு வெளியே போ, மூன்று மணிக்கு உள்ளே வா

இத்தாலிக்கு ஜோடியாகப் போய்வந்தோம் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஆனால் அங்கே ஜோடியாக எதைப் பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு வயிற்றெரிச்சல்தான் வருகிறது. ரோமில் பாதியை என் கணவர் பார்த்தார், மீதியை நான் பார்த்தேன். ஃபுளோரன்ஸிலும் அதே கதை. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வாசலில் முதுகுப்பைகளுக்குக் காவல்.

எல்லாம் இந்த செக்-அவுட், செக்-இன் கொடுமையால் வந்தது. காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் மூன்று மணிக்கு முன்னால் கதவு திறக்காது. ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். மீதி நேரம் முழுக்க முதுகில் ஒரு மூட்டையோடு தெருவில் அலைய வேண்டும். பெரிய ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. வரவேற்பில் ஆள் இருப்பார், பையை வாங்கி உள்ளறையில் வைத்துக்கொள்வார். எங்களைப் போல யாரோ ஒருவருடைய பழைய கட்டடத்தில், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் அறை எடுக்கிறவர்களுக்கு வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் மட்டும்தான் இருப்பார். "சீக்கிரம் வந்துவிட்டோம், பையை மட்டும் வைத்துவிட்டுப் போகட்டுமா?" என்று கெஞ்சினால், முடியாது என்று ஒரு வரி வரும். கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை. முடியாது என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்தப் பொம்மையைத்தான் பொறுக்க முடியவில்லை.

கதவோரம் தொங்கும் சாவிப்பெட்டியில் எண்ணை அழுத்திச் சாவியை எடுத்துக்கொள்ளும் வசதி இருந்தது. 2024 நவம்பரில் இத்தாலிய உள்துறை அமைச்சகம், விருந்தினர் முகத்தை நேரில் பார்த்து அடையாளம் சரிபார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. அடுத்த ஆண்டு ஃபுளோரன்ஸ் மாநகராட்சி பழைய நகரப் பகுதியில் சாவிப்பெட்டிகளுக்கே தடை போட்டது. பாதுகாப்புக்காக என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பலனை அனுபவிக்கிறவர் யார்? வீட்டுக்காரருக்கு எப்போது சௌகரியமோ அப்போதுதான் சாவி. அதுவரை நாங்கள் நடைபாதையில்.

ஸ்டேஷனில் பை வைக்கக் கட்டண அறை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஒரு பைக்குச் சில மணி நேரத்துக்கு ஐந்தாறு யூரோ, எங்களிடம் இரண்டு பை. அந்தக் காசுக்கு இருவரும் நின்றபடியே பீட்சாத் துண்டு தின்று, காபியும் குடித்து, மிச்சமும் பார்த்திருப்போம். அதுவும் வைக்க ஒரு வரிசை, எடுக்க ஒரு வரிசை. ஊருக்கு ஊர் இதே செலவு.

சரி, சுமந்துகொண்டே போகலாம் என்றால் எங்கே விடுகிறார்கள்? ரோமின் பழங்கால அரங்கமான கொலோசியத்தில் பெரிய முதுகுப்பையோடு நுழையக் கூடாது, அங்கே வைத்துவிட்டுப் போகவும் இடம் கிடையாது. 2023 அக்டோபரிலிருந்து டிக்கெட்டில் பார்வையாளர் பெயரையும் போடுகிறார்கள். நேரமும் குறித்த டிக்கெட், தலைக்கு 18 யூரோ. வத்திக்கான் அருங்காட்சியகம் கொஞ்சம் பரவாயில்லை, 40 x 35 x 15 சென்டிமீட்டரைத் தாண்டிய பையை இலவசமாகவே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதற்குள் இருக்கும் சிஸ்டைன் சிற்றாலயத்தைப் பார்த்து முடித்ததும் பைக்காக மறுபடி அருங்காட்சியக வாசலுக்கே திரும்ப வேண்டும். அங்கிருந்து புனித பேதுரு பேராலயத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்த நீண்ட மதிலைச் சுற்றி நடக்க வேண்டும். வெயிலில். மூட்டையோடு.

ஓர் அருங்காட்சியக வாசலில் நடந்ததை நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது. எந்த ஊர், எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. பரிசோதனை மேசையருகே நின்ற காவலர் என் பையின் வாரை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். பக்கவாட்டு வலையில் காலையில் துவைத்த துண்டு ஈரம் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் என் கணவருடைய ரப்பர் செருப்பைக் கயிற்றால் கட்டியிருந்தோம். விரலை எடுத்துவிட்டுத் தலையை மட்டும் இரண்டு பக்கமும் ஆட்டினார். எங்கே வைப்பது என்று கேட்டதற்குத் தெருவைக் காட்டினார்.

"நீ போய்ப் பாத்துட்டு வா, நான் பையப் பாத்துக்கறேன்" என்றார் இவர்.

"நீங்க போங்க, நீங்கதான ஆசைப்பட்டீங்க."

இப்படி நீ போ, நீங்க போங்க என்று மரியாதைப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே எங்கள் நுழைவு நேரம் கரைந்துகொண்டிருந்தது. கடைசியில் அவர்தான் போனார். என் டிக்கெட் காசு போனது போனதுதான். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்து "நல்லா இருந்துச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். நான் வருத்தப்படுவேனாம், அதனால் அதிகம் சொல்லவில்லையாம். சொல்லாததுதான் இன்னும் வருத்தம்!

காவல் காக்கிறவராவது உட்காரலாமா? அதற்கும் வழியில்லை. ரோமின் ஸ்பானியப் படிக்கட்டு 1720-களில் கட்டியது. அன்றிலிருந்து ஊரார் உட்கார்ந்து பழகிய இடம். 2019-இல் அங்கே உட்காரத் தடை வந்துவிட்டது, அபராதம் 400 யூரோ வரை போகுமாம். வெனிஸிலும் படியில், பாலத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிரித்தால் தண்டம். காபிக் கடையில் உட்காரலாம்தான், ஆனால் நின்று குடித்தால் ஒரு விலை, நாற்காலியில் சாய்ந்தால் வேறு விலை. பெரிய சதுக்கங்களில் அந்த வேறு விலையைக் கேட்டால் காபி தொண்டையில் இறங்காது. கழிப்பறைக்கு வெனிஸில் ஒன்றரை யூரோ. அதற்கும் முறை வைத்துத்தான் போனோம், பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால் திரும்ப இடம் இருக்காது.

ஒன்றை மட்டும் வாயாரப் புகழ்வேன். ரோம் தெருக்களில் நிற்கும் 'நசோனே' குடிநீர்க் குழாய்கள். 1874-லிருந்து இருப்பவை, ஊர் முழுக்கச் சுமார் 2,500 இருக்கின்றனவாம். குளிர்ந்த தண்ணீர், காசு கேட்பதில்லை, பையின் அளவு கேட்பதில்லை.

உள்ளூர்க்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. வெனிஸின் பழைய தீவு நகரில் குடியிருப்போர் 50,000-க்கும் கீழே வந்துவிட்டார்கள். முழங்கை அகலச் சந்துகளில் மூட்டை தூக்கிய கூட்டம் இடித்துக்கொண்டே போனால் யாருக்குத்தான் கோபம் வராது? படகில் ஏறினால் பையைக் கழற்றிக் கீழே வை என்கிறார்கள், அது முறைதான். ஆனால் எங்களிடம் வாங்குவது கொஞ்சமா? அறை வாடகைக்கு மேல் ஒவ்வோர் இரவும் தலைக்கு இவ்வளவு என்று நகர வரி. ரோமில் அதை 2023 அக்டோபரில் உயர்த்தினார்கள், ஐந்து நட்சத்திர ஓட்டலில் தலைக்கு 10 யூரோ. தலைக்கு என்பதால் ஜோடிக்கு இரட்டிப்பு. வெனிஸில் 2024-லிருந்து குறிப்பிட்ட நாட்களில் பகலில் வந்து திரும்புகிறவர்களிடமும் நுழைவுக் கட்டணம். இவ்வளவு வாங்கிப் போடுகிறார்களே, அதில் ஊருக்கு நடுவே ஓர் அறை, நாலு அலமாரி, ஒரு டோக்கன், இது முடியாதா? பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தில் முடிகிறது. மேலே ஏற விரும்பினால் பையைக் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும், அதற்குக் காசு வாங்குவதில்லை. ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் 463 படிகளை ஏறுகிறவர்களுக்கும் சதுக்கத்திலேயே வைப்பறை இருக்கிறது. மற்ற இடங்களுக்கு என்ன கேடு?

சின்னப் பையாகக் கொண்டுபோயிருக்கலாமே என்று யோசனை சொல்ல ஓடி வருகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். அங்கே மார்ச் மாதக் காலையில் பல் கிட்டுகிறது, மதியம் வேர்க்கிறது. மாதா கோயிலுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஒரு ஜாக்கெட், ஒரு ஸ்வெட்டர், மாற்றுத் துணி, மழைக்கு ஒரு கோட்டு, மாத்திரைப் பெட்டி, இவர் விடாப்பிடியாகத் தூக்கி வந்த மிளகாய்ப்பொடி டப்பா. இத்தனையையும் 15 சென்டிமீட்டர் தடிமனுக்குள் அடைத்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.