சாப்பாட்டில் தொடங்குவதில்லை இது

நள்ளிரவில் அடுப்படியில் நின்றபடியே சட்டிச் சோற்றையும் தின்று தீர்க்கிற பெண்ணைப் பார்த்து "வாயைக் கட்ட முடியாதா?" என்கிறோம். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறவளை "எல்லாரும் தன்னைப் பார்க்கணும்னு நடிக்கிறா" என்கிறோம். பல வீடுகளில் இரண்டு பேச்சையும் வாங்கிக்கொள்வது ஒரே பெண். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது.

இந்த இரண்டையும் திட்டாமல் அணுகும் ஒரு சிகிச்சை இருக்கிறது. அதை உருவாக்கிய மார்ஷா லினெஹனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். 1961இல், 17 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் உள்ளேயே கிடந்தவர். பிறகு உளவியல் படித்து, சியாட்டிலில் பேராசிரியராகி, டிபிடி எனும் டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி என்ற உளவியல் சிகிச்சையை உருவாக்கினார். பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் பொங்கி, கைவிடப்படுவோமோ என்ற பயத்தில் தவிக்கவைக்கும் மனநலச் சிக்கல்) உள்ளவர்களிடம் அது பலன் தருவதை 1991இல் ஆய்வாக வெளியிட்டார். தன் கதையை 2011 வரை வெளியே சொல்லவில்லை.

'மாறு, மாறு' என்று மட்டும் சொன்னால் நோயாளி நொந்துபோகிறார். 'உன் வலி புரிகிறது' என்பதோடு நின்றாலும் எதுவும் நகர்வதில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் டிபிடி. எனக்கு இதில் பிடித்தது, நடந்ததைச் சங்கிலியாகப் பின்னோக்கிப் பார்ப்பது. ராத்திரி அப்படிச் சாப்பிட்டாள், சரி. அதற்கு முன்? தோழி போனை எடுக்கவில்லை. 'என்னை விட்டுட்டா' என்ற பயம். அதற்கும் முன்னால், மதியம் பட்டினி. ஒவ்வொரு கண்ணியிலும் வேறு என்ன செய்திருக்கலாம் என்று பார்த்து, அதைப் பழக்குகிறார்கள். திட்டு இல்லை, தீர்ப்பு இல்லை. அந்த உந்துதல் அடக்க முடியாமல் வரும்போது சிகிச்சையாளரை போனில் கூப்பிடவும் வழி உண்டு.

கட்டுக்கடங்காமல் உண்ணும் பெண்களிடம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான். சிகிச்சையை முடித்தவர்களில் 100க்கு 89 பேருக்கு அப்படி உண்பது நின்றிருந்தது. ஆறு மாதம் கழித்து 56 பேர். குறைந்துதான் போனது; ஆனாலும் பாதிக்கு மேல்!

ஒன்று மட்டும் கவனியுங்கள். மனக் கொதிப்பு அடங்க முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தும் ஒரு பயிற்சி இதில் உண்டு. அது இதயத் துடிப்பைக் குறைக்கும். பட்டினியால் ஏற்கெனவே துடிப்பு குறைந்த உடம்புக்கு அது ஆபத்து. வீடியோ பார்த்து வீட்டில் செய்து பார்க்காதீர்கள். உடல் ரொம்ப மெலிந்திருந்தால் முதலில் உடம்பைத் தேற்ற வேண்டும்.

அப்புறம், மருத்துவரிடம் போகும்போது சாப்பாட்டுப் பிரச்சினையை மட்டும் சொல்லிவிட்டு கைத் தழும்பை மறைக்காதீர்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம் சொல்லுங்கள்.