கேட்காமலே அடிக்கும் வெள்ளை

பள்ளிக்கூடத்தில் எடுக்கும் போட்டோவில் என் பிள்ளையின் கலரைத் தூக்கித் தரச் சொல்லி எந்தப் படிவத்திலும் நான் கையெழுத்துப் போடவில்லை. நீங்களும் போட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் வருஷா வருஷம் ஐடி கார்டு கைக்கு வரும்போது பிள்ளைகள் நாலு சுற்று வெளுத்துத்தான் வருகிறார்கள். இதை யாரும் ஒரு விஷயமாகவே பேசுவதில்லை. பேசினால் "இதுக்குப் போயா" என்பார்கள். பரவாயில்லை, பேசுகிறேன்.

என் மகள் ஏழாம் வகுப்பு. இந்த வருஷ கார்டு வந்த அன்று சாயங்காலம் தோழிகளும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லாரும் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றித் தரையில் வரிசையாகப் பரப்பி, யாருடையது நன்றாக வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன். கொஞ்சம் சிவப்பாக இருக்கும் பிள்ளைகள் படத்திலும் அவர்களாகவே இருந்தார்கள். கருப்பான பிள்ளைகளைத்தான் அடையாளம் தெரியவில்லை. ஒருத்தி மாதிரியே இன்னொருத்தி. கன்னத்தில் ஒரே வழுவழுப்பு, உதட்டில் ஒரு ரோஸ் நிறம், தாடைக்குக் கீழே நிழல் விழுந்த கழுத்து மட்டும் சொந்த நிறத்தில். என் மகளுக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. அதைக் காணோம்.

நம்ம ஊர் மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் என்று ஓர் இடம் இருக்கும். மச்சமோ தழும்போ தேடிக் கண்டுபிடித்து எழுதியாக வேண்டும். சேர்க்கையின்போது இவளுக்கும் அந்த மச்சத்தைத்தான் எழுதினோம். அடையாளம் என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்ட அதே பள்ளி, அடையாள அட்டையில் அதை அழித்துக் கொடுக்கிறது. இதில் எது உண்மையான பிள்ளை என்று யாரைக் கேட்பது?

மகளுக்குக் கோபமெல்லாம் இல்லை. "நல்லா இருக்குல்லம்மா" என்றாள். பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே, "எனக்குத்தான் ரொம்ப எடிட் பண்ணிருக்காங்க" என்றது. விளையாட்டாகத்தான் சொன்னது. ஆனால் யாருக்கு எவ்வளவு ரிப்பேர் தேவை என்று பெரியவர்கள் நினைத்தார்கள் என்பது அந்தப் பிள்ளைக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

படம் எடுத்த ஸ்டுடியோ எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. சண்டை போடப் போகவில்லை, எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்கத்தான் போனேன். அவரும் எதையும் மறைக்கவில்லை. போட்டோஷாப்பில் ஒரு படத்துக்குச் செய்த வேலைகளை வரிசையாகப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஆக்‌ஷன் என்று பெயர். அப்புறம் ஃபோல்டரைக் காட்டிவிட்டால் போதும், அத்தனை படத்துக்கும் அதே வேலையை அதுவே செய்துவிடும். அவருடைய ஆக்‌ஷனில் முதலில் தோலை வழுவழுப்பாக்கும் ஃபில்டர். அடுத்து கர்வ்ஸ் வைத்து வெளிச்சத்தைத் தூக்குவது. கடைசியில் செலக்டிவ் கலரில் சிவப்புக்குள்ளும் மஞ்சளுக்குள்ளும் கலந்திருக்கும் கருப்பைக் குறைப்பது. மனிதத் தோலின் நிறம் பெரும்பாலும் அந்தச் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் உள்ளேதான் அடங்கும். அதனால் இந்தக் கடைசி வேலையில் நீலப் பின்னணித் துணியும் வெள்ளைச் சட்டையும் ஏறக்குறைய அப்படியே நிற்க, தோல் மட்டும் வெளுத்துவிடும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போனால், காலையில் ஒரு பள்ளிக்கூடமே வெளுத்துக் கிடக்கும். மச்சத்தை எடுத்தது மட்டும் கை வேலை. ஹீலிங் பிரஷ்ஷில் ஒரு தட்டு. "பையன் பருன்னு நினைச்சிருப்பான்க்கா" என்றார்.

ஏன் எல்லாருக்கும் வெளுக்கிறீர்கள் என்றதற்கு அவர் சொன்ன பதில்தான் முக்கியம். "டச்சப் பண்ணாமக் குடுத்தா அம்மாமாருங்க போன் பண்ணுவாங்கக்கா. எம் புள்ளை இவ்ளோ கருப்பா, உங்க கேமராவுல என்ன கோளாறும்பாங்க. ஸ்கூல்ல அடுத்த வருஷம் வேற ஆளைக் கூப்பிட்டுருவாங்க." நான் இதை நம்புகிறேன். போனிலேயே பியூட்டி மோடு போட்டு எடுத்துப் பழகின நமக்கு, பிள்ளையின் நிஜ நிறம் கேமராவின் கோளாறாகத்தான் தெரியும். ஸ்டுடியோக்காரரை வில்லனாக்கிவிட்டு நாம் நல்லவர்களாகிவிட முடியாது.

அவருடைய அப்பா காலத்து ரீடச்சிங் மேஜை இன்னும் கடை மூலையில் கிடக்கிறது. சாய்வான பலகை, நடுவில் தேய்த்த கண்ணாடி, அடியில் வெளிச்சத்தை மேலே திருப்ப ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நெகட்டிவ் மேல் பென்சில் பிடிப்பதற்காக ஒரு திரவத்தைப் பஞ்சால் தடவி, ஊசி மாதிரி சீவின பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார்களாம். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் வெளிச்சத்தை மறைக்கும், பிரிண்ட்டில் அந்த இடம் வெளுப்பாக வரும். ஆக, பென்சிலால் முகத்தை வெளுக்க மட்டும்தான் முடியும். கருக்க வைக்க வேண்டுமென்றால் கத்தியால் நெகட்டிவின் மேல்பூச்சைச் சுரண்ட வேண்டும், கை கொஞ்சம் தவறினால் படமே போச்சு. அந்தக் காலத்தில் கை வெளுப்புப் பக்கமே போனதற்கு இப்படி ஒரு காரணமாவது இருந்தது. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் இரண்டு பக்கமும் இழுக்கலாம், ஆனால் கை இன்னும் அதே பக்கம்தான் போகிறது.

கை மட்டுமில்லை, ஃபிலிமே அப்படித்தான் இருந்தது. கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய ஷெர்லி கார்டு என்ற மாதிரிப் படத்தில் பல வருஷம் வெள்ளைத் தோல் பெண்தான் இருந்தாள். அவள் முகம் சரியாக வந்தால் கலர் சரி என்று கணக்கு. கருப்பு, வெள்ளைப் பிள்ளைகள் சேர்ந்து நிற்கும் படங்களில் கருப்புப் பிள்ளைகளின் முகம் இருட்டில் கரைந்து, கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. ஃபிலிமை மேம்படுத்தும் வேலை வேகம் பிடித்ததில், தங்கள் மர மேஜையும் சாக்லேட்டும் சரியான நிறத்தில் வரவில்லை என்று கம்பெனிகள் கொடுத்த புகாருக்குப் பெரிய பங்கு உண்டு. மனிதர்களின் புகாரை விட மேஜையின் புகார் பலமாக இருந்திருக்கிறது!

வெளிநாட்டிலும் பிள்ளைகளின் படத்தைத் திருத்துகிறார்கள். அமெரிக்காவில் 1936 முதல் பள்ளிப் படம் எடுக்கும் லைஃப்டச் போன்ற நிறுவனங்கள் பருவை எடுக்க, பல்லை வெளுக்க, தோலைச் சீராக்க என்று ஆர்டரில் தனியாகக் கேட்டு, தனியாகக் காசு வாங்குகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் பல்லை வெளுக்கக் காசு கட்டுவது எனக்குப் பிடிக்காத விஷயம். ஆனாலும் அங்கே ஒருவர் டிக் அடித்தால்தான் நடக்கும். இங்கே யாரும் கேட்காமல், இலவசமாக, எல்லாருக்கும் நடக்கிறது. இரண்டில் எது மோசம் என்றால் நம்முடையதுதான் என்பேன். கேட்டு வாங்கினால் வேண்டாம் என்று சொல்லவாவது ஓர் இடம் இருக்கிறதே.

அங்கேயும் கேட்காமல் செய்த கூத்து உண்டு. 2021இல் ஃபுளோரிடாவில் பார்ட்ரம் டிரெயில் என்ற உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு மலரில் 80 மாணவிகளின் படங்களைத் திருத்திவிட்டார்கள். கழுத்து இறங்கின சட்டை என்று அவர்களாகவே முடிவு செய்து, பக்கத்துத் துணியை நகலெடுத்து நெஞ்சுக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். சில படங்களில் ஒட்டு அப்பட்டமாகத் தெரிந்தது. அதே மலரில் நீச்சல் அணிப் பையன்கள் ஜட்டியோடு நின்ற படத்தில் யாரும் கை வைக்கவில்லை. பெற்றோர் கொதித்த பிறகு, மலரைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ் என்றது பள்ளி. நூறு டாலர் வாபஸ் வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்ய? உன் உடம்பு மறைக்க வேண்டிய பொருள் என்று ஊர் முழுக்க அச்சடித்துக் கொடுத்தாயிற்றே.

அதைவிட என்னைக் கலங்கடித்தது 2024இல் ஸ்காட்லாந்தில் நடந்தது. அபர்டீன்ஷயரில் அபாயின் தொடக்கப் பள்ளியில், வகுப்புப் படம் வாங்கும் இணைப்பில் பெற்றோருக்கு ஒரு தேர்வு வந்தது. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகள் இருக்கும் படம் வேண்டுமா, இல்லாத படம் வேண்டுமா என்று. கம்ப்யூட்டரில் அழித்ததுகூட இல்லை, அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு இன்னொரு படம் எடுத்திருக்கிறார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இதைப் படித்தபோது எங்கள் ஸ்டுடியோக்காரரின் ஞாபகம்தான் வந்தது. குரூப் போட்டோ அன்று காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளையின் ஐடி கார்டு முகத்தை வெட்டி, கடைசி வரிசையில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் ஒட்டிக் கொடுக்கிற ஆள் அவர். உயரம் பொருந்தாது, வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து அடிக்கும், ஆனாலும் அந்தப் பிள்ளை படத்தில் இருக்கும். அந்த எடிட்டிங்குக்கு நான் எப்போதும் கைதட்டுவேன்.

அதனால் போட்டோஷாப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியில் பிளாஷ் அடித்திருந்தால் எடுக்கட்டும். காலரில் இங்க் கறை இருந்தால் எடுக்கட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தானே வந்து, "அண்ணா, இந்தப் பருவை மட்டும் எடுத்துருங்க" என்று கேட்டால் தாராளமாக எடுத்துக் கொடுங்கள், அந்த வயதின் வேதனை அந்த வயதுக்குத்தான் தெரியும். பரு அடுத்த மாதம் போய்விடும். நிறம் போகாது, மச்சம் போகாது, உதட்டுத் தழும்பு போகாது, காது மெஷினும் போகாது. கூடவே இருக்கப் போவதை அழித்துக் காட்டினால், படத்தில் உள்ளவளைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை வளர வேண்டும்.

சும்மா உணர்ச்சிவசப்படுகிறேன் என்பவர்களுக்கு இன்னொரு கோணம். பாஸ்போர்ட்டுக்குத் தரும் படத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றக் கூடாது என்று நம் தூதரகங்களே சொல்கின்றன. நார்வேயில் 2022 ஜூலை முதல், விளம்பரத்தில் வரும் ஆளின் உடல் அமைப்பையோ தோலையோ மாற்றியிருந்தால் படத்தின் மேல் அதற்கான முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். காசு வாங்கிக்கொண்டு நடிக்கும் மாடலுக்கே அப்படி. சின்னப் பிள்ளையின் அடையாள அட்டைக்கு இங்கே கேள்வி கேட்பார் இல்லை.

பிளெக்ஸ் கதை தனி. தமிழ்நாட்டில் 2017இலேயே பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை நிறுத்திவிட்டார்கள். ஆனால் மே மாதம் எந்தத் தனியார் பள்ளி வாசலிலும் போய்ப் பாருங்கள், மதிப்பெண்ணோடு பிள்ளைகளின் முகங்கள் வரிசை கட்டி நிற்கும், அத்தனையும் ஒரே நிறம். நானூற்றுத் தொண்ணூறு வாங்கினாலும் பேனரில் ஏற வேண்டுமென்றால் வெளுத்துத்தான் ஏற வேண்டும் போல. ஃபேர் அண்ட் லவ்லியே 2020இல் பெயரில் இருந்த ஃபேரை எடுத்துவிட்டது. நம் பள்ளிக்கூட வாசல்கள் இன்னும் எடுக்கவில்லை.

போன பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டேன். அது ஸ்டுடியோ விஷயம் என்றார்கள். ஸ்டுடியோவில் கேட்டால், "ஸ்கூல்ல சொல்லிட்டா நிறுத்திடுறேன்க்கா, எனக்கு வேலை மிச்சம்" என்கிறார். சரி, அப்படியென்றால் இது ஒரு வரியில் முடிகிற வேலை. குரூப் போட்டோவுக்குப் பணம் கட்டும் சீட்டில் "நிறமோ முகமோ மாற்ற வேண்டாம்" என்று எழுதித்தான் கொடுக்கப் போகிறேன். திருத்தம் வேண்டும் என்பவர்கள் வேண்டும் என்று எழுதட்டும், எழுதாதவர்களுக்கு எடுத்தபடியே வரட்டும். மகளிடமும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மச்சம் இருக்கட்டும், கலர் யோசிச்சுச் சொல்றேன்" என்றிருக்கிறாள். அவள் படம், அவளே யோசிக்கட்டும். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் அம்மா அப்பாக்கள் இதைப் படித்தால் நீங்களும் சீட்டில் எழுதுங்கள், நாலு பேர் எழுதினால்தான் ஆபீஸில் படிப்பார்கள்.

பி.கு: போட்டோ நாள் அன்று காலையில் பிள்ளை முகத்தில் அப்பி அனுப்பப்படும் பவுடரைப் பற்றி யாரும் இங்கே கேட்க வேண்டாம். அது எனக்கும் என் மாமியாருக்கும் நடுவில் உள்ள விவகாரம். பேச்சுவார்த்தை நடக்கிறது.